பாரத ரத்னாவுக்கு எங்கே அப்ளை பண்றது? கோத்தகிரி ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. சிட்டா பிரிண்ட், தேர்வு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைன் எல்லாம் உண்டு. ஜனவரி 25 ராத்திரி டிவியில் பத்ம விருதுப் பட்டியல் ஓடும். 27ஆம் தேதி நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் யாராவது ஒருவர் ஃபைலோடு நிற்பார். டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகள் வேறு அதே சந்தேகங்களை வருஷம் முழுக்கக் கேட்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

பாரத ரத்னா, பாரத ரத்னாங்கறாங்களே, அது என்னங்க அவ்வளவு பெருசா?

ராணுவம் சாராத விருதுகளில் நம் நாட்டின் உச்சம் அதுதான். 1954 ஜனவரி 2 அன்று உருவாக்கப்பட்டது. அதற்குக் கீழே வரிசையாக பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ. முதல் வருஷமே ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் மூவருக்கும் கொடுத்தார்கள். இனம், தொழில், பதவி, ஆண் பெண் எதையும் பார்க்கக் கூடாது என்பது விதியிலேயே இருக்கிறது.

ஆரம்பத்தில் கலை, இலக்கியம், அறிவியல், பொதுச்சேவை என்ற நான்கு துறைகளுக்கு மட்டும்தான். 2011 டிசம்பரில் விதியைத் திருத்தி, மனித முயற்சியின் எந்தத் துறைக்கும் என்று அகலப்படுத்தினார்கள். அதனால்தான் 2014-ல் சச்சின் டெண்டுல்கருக்குக் கொடுக்க வழி பிறந்தது. விளையாட்டுக்காரர்களில் அவர்தான் முதல் ஆள், வயதிலும் அவரே இளையவர்.

சரி தம்பி, அதுக்கு அப்ளை பண்ண என்னென்ன ஜெராக்ஸ் வேணும்?

ஒன்றும் வேண்டாம். பாரத ரத்னாவுக்கு விண்ணப்பமே கிடையாது. பிரதமர் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைப்பார், அவர் வழங்குவார், அவ்வளவுதான். முறைப்படி யாரும் சிபாரிசுக் கடிதம் தரவேண்டிய அவசியம்கூட இல்லை. எம்எல்ஏ, எம்பி, முதலமைச்சர் யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம், தீர்மானம்கூடப் போடலாம். அது ஒரு கோரிக்கை, அதற்குமேல் கனம் இல்லை.

இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். ஃபைலை மூடாதீர்கள், அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

அப்போ பத்மஸ்ரீயும் பெரிய எடத்து சிபாரிசு இருந்தாத்தானா?

இல்லை. இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். பத்ம விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். நீங்கள் உங்களையே பரிந்துரைத்துக்கொள்ளவும் தடையில்லை. எல்லாம் ஆன்லைனில்தான், அவார்ட்ஸ் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில். கோடையில் திறப்பார்கள், ஜூலையிலோ செப்டம்பரிலோ மூடுவார்கள். தேதி வருஷத்துக்கு வருஷம் முன்னே பின்னே போகும். ஜனவரியில் பட்டியலைப் பார்த்துவிட்டு ஓடிவருகிறவர்களுக்கு நான் சொல்வது: கொஞ்சம் பொறுங்கள், அதற்குள் எழுதவேண்டியதை ஒழுங்காக எழுதி வையுங்கள்.

வந்த பெயர்களை வருஷா வருஷம் பிரதமர் அமைக்கிற பத்ம விருதுக் குழு பார்க்கும். தலைவர் அமைச்சரவைச் செயலாளர். உள்துறைச் செயலாளரும் குடியரசுத் தலைவரின் செயலாளரும் வெளியிலிருந்து நாலு முதல் ஆறு பிரமுகர்களும் இருப்பார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் போகும். மறைந்தவர்களையும் வெளிநாட்டினரையும் சேர்க்காமல் வருஷத்துக்கு 120 பேருக்கு மேல் கூடாது.

அதுல எண்ணூறு வார்த்தை எழுதச் சொல்றாங்களே அண்ணா, எங்க பாட்டி பள்ளிக்கூடமே போகலையே, என்னத்த எழுதறது?

குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு கிராமத்திலிருந்து வந்த பையன் கேட்டது. பாட்டி அந்தப் பக்கத்து மருத்துவச்சி. ரோடு வருவதற்கு முன்னாலிருந்தே பிரசவம் பார்த்தவர். அவன் எழுதிக்கொண்டு வந்த தாளின் முதல் வரி, 'மலைகளின் அரசியாம் நீலகிரியில் உதித்த மாணிக்கமே'. தம்பி, இது கல்யாண வாழ்த்துமடல் இல்லை என்றேன். மாணிக்கத்தை அடித்துவிட்டு, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை பார்த்தார், எந்தெந்த ஊருக்கு நடந்து போனார், காசு வாங்கினாரா, எந்த நிலைமையில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் யார் என்று கேட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே நாலு பக்கம் வந்தது. அதில் ஒரு வரிகூட அவன் முதலில் எழுதியதில் இல்லை.

எண்ணூறு என்பது உச்சவரம்பு, நிரப்பியே ஆகவேண்டிய கணக்கு இல்லை. என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன மாறியது, இதை மட்டும் எழுதுங்கள். பத்திரிகைச் செய்தி, பாராட்டுச் சான்றிதழ் இருந்தால் நல்லது.

படிப்பு ஒரு தடையே இல்லை. நம் மலையிறக்கத்தில், மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்போது அவருக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 2023-ல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பாம்பு பிடிக்கிற வித்தைக்காகவே வாங்கினார்கள். இந்தப் பெயர்களைச் சொன்னால்தான் நம் ஊர் பாட்டிமார் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வருகிறது.

தெப்பக்காடு கேம்ப்ல இருக்கற யானைப் பாகனுக்கு எழுதிப் போடலாமா?

அவர் அரசுச் சம்பளத்தில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்கும் பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கும் பத்ம விருது கிடையாது. டாக்டர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் மட்டும் விலக்கு. ஓய்வு பெற்ற பிறகு தடை இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதே கதைதான்.

யானை வேலைக்கு விருதே கிடையாதோ என்று நினைக்காதீர்கள். அசாமின் பர்பதி பருவா என்ற பெண் பாகனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விதியை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முப்பது வருஷம் காட்டில் யானையோடு கிடந்தவரையும் ஆபீஸில் ஃபைல் தள்ளினவரையும் ஒரே அரசு ஊழியர் கணக்கில் வைப்பது எனக்கு உறுத்தும்.

கையில எவ்வளவு பணம் தருவாங்க? ரயில் பாஸ் உண்டா?

பணம் இல்லை. பாரத ரத்னாவோடு குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழும் பதக்கமும் வரும். அரசு நிகழ்ச்சிகளில் யாருக்கு முன் யார் என்று ஒரு மரியாதை வரிசை உண்டே, அதில் 7ஏ என்ற இடம் கிடைக்கும். பத்ம விருதுகளுக்கு ரயில், விமானக் கட்டணச் சலுகைகூட இல்லை என்று அரசே தெளிவாகச் சொல்கிறது. தமிழக அரசின் தகைசால் தமிழர் விருதோடு 10 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் கேட்கிறார்கள்.

பதக்கம் சுத்தத் தங்கமாமே?

1954-ல் முதலில் வட்டமான தங்கப் பதக்கம் என்றுதான் விதி எழுதினார்கள். அடுத்த வருஷமே மாற்றிவிட்டார்கள். இப்போதிருப்பது வெண்கலத்தில் செய்த அரசிலை, சுமார் 5.8 செ.மீ. நீளம், 4.7 செ.மீ. அகலம். ஒரு பக்கம் பிளாட்டினத்தில் சூரியன், அதன்கீழ் தேவநாகரி எழுத்தில் பாரத ரத்னா. மறுபக்கம் நான்கு சிங்க முத்திரை. வெள்ளை ரிப்பனில் கழுத்தில் அணிவார்கள். கொல்கத்தா அலிப்பூர் நாணயச் சாலையில் தயாராகிறது. டிவியில் பார்த்துவிட்டு அது தேயிலையா என்று கேட்ட என் தங்கை மகனுக்காகச் சொல்கிறேன், அரச மரத்து இலை.

சிறப்பு விருந்தினர் பேருக்கு முன்னாடி பத்மஸ்ரீன்னு பெருசா போட்டு ஃப்ளெக்ஸ் அடிச்சுக் குடுங்க.

இது கேள்வி இல்லை, ஆர்டர். ஹட்டி என்கிற படகர் ஊர் ஒன்றின் விழாக் கமிட்டியார் எட்டடிக்குப் பத்தடி ஃப்ளெக்ஸுக்கு முன்பணமே கொடுத்துவிட்டார்கள். போடக் கூடாது என்று நான் சொன்னபோது, மரியாதை தெரியாதவன் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். மரியாதைக்காகத்தான் சொன்னேன்.

அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசு பட்டம் தருவதை ஒழித்துவிட்டது. சர், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று வெள்ளைக்காரன் கொடுத்துவந்த பட்டங்களோடு அந்தக் கலாசாரம் போகட்டும் என்பதுதான் எண்ணம். அப்படியானால் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டம்தானே என்று வழக்குப் போட்டார்கள். 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பாலாஜி ராகவன் வழக்கில், இவை பட்டம் அல்ல, விருது என்றது. பட்டம் இல்லை என்பதால்தான் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக் கூடாது என்றும் சொன்னது. ஒட்டிக்கொண்டால் விருதையே இழக்க நேரிடலாம்.

பெயரை முதலில் போட்டு, கீழே தனி வரியில் 'குடியரசுத் தலைவரால் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றவர்' என்று விவரமாகப் போடலாம். பாரத ரத்னாவுக்கு உள்துறையே இந்த வழியைக் காட்டியிருக்கிறது. கடைசியில் அந்த ஃப்ளெக்ஸில் விருந்தினர் பெயரோடு 'சமூக சேவகர்' என்று மட்டும் போட்டு அடித்தோம். அவர் மேடையேறி, முதல் ஆளாக அதற்குத்தான் நன்றி சொன்னார்.

செத்தப்புறம்தான் குடுப்பாங்களாமே?

ஆரம்ப விதியில் மறைந்தவர்களுக்கு இடமே இல்லை. 1955 ஜனவரியில் சேர்த்தார்கள். மறைவுக்குப் பின் முதலில் பெற்றவர் லால் பகதூர் சாஸ்திரி, 1966-ல். இந்தப் பெயரை நம் தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவோடு அவர் போட்ட ஒப்பந்தத்தால்தான் அவர்கள் இலங்கைத் தோட்டங்களை விட்டு இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களில் சிலர் அந்தப் பெயரை நன்றியோடு சொல்வார்கள், சிலர் வேறு மாதிரி சொல்வார்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் காமராஜ் சாகர் அணை இருக்கிறதே, அந்தக் காமராஜருக்கும் மறைந்த மறு வருஷம், 1976-ல்தான் கொடுத்தார்கள். எம்ஜிஆருக்கு 1988-ல், அவர் மறைந்த மறு மாதமே.

பத்ம விருதுகளைப் பொதுவாக மறைந்தவர்களுக்குத் தருவதில்லை, மிகத் தகுதியானவர்களுக்கு மட்டும் தரலாம் என்பது விதி. 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்ததே, அதில் இறந்த ஜெனரல் பிபின் ராவத்துக்கு 2022-ல் பத்ம விபூஷண் அப்படி வழங்கப்பட்டது.

நாங்க சிலோன்ல பொறந்தவங்க. எங்க ஆளுங்களுக்கெல்லாம் குடுப்பாங்களா?

எம்ஜிஆர் பிறந்தது எங்கே? கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில். பிறந்த இடம் ஒரு பொருட்டே இல்லை. குடியுரிமைகூடக் கட்டாயம் இல்லை. கான் அப்துல் கஃபார் கான் பாகிஸ்தான்காரராக இருந்தபோது 1987-ல் பெற்றார், நெல்சன் மண்டேலா 1990-ல். அன்னை தெரசாவை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். பிறந்தது வெளிநாடு என்றாலும் 1980-ல் விருது பெற்றபோது அவர் இந்தியக் குடிமகள்.

வருஷா வருஷம் யாருக்காவது கண்டிப்பா குடுக்கணுமா?

இல்லை. விதிப்படி வருஷத்துக்கு அதிகபட்சம் மூன்று பேர். குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. 2019-க்குப் பிறகு 2024 வரை ஒருவருக்கும் இல்லை. பிறகு 2024-ல் ஐந்து பேருக்கு வந்தது: கர்பூரி தாக்கூர், அத்வானி, நரசிம்ம ராவ், சரண் சிங், எம்.எஸ். சுவாமிநாதன். 1999-லும் நான்கு பேர். மூன்று என்று பரீட்சையில் எழுதிவிட்டு, ஐந்து எப்படி வந்தது என்று என்னிடம் சண்டைக்கு வந்த பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்ல? விதி மூன்று, நடந்தது ஐந்து. இரண்டையும் படித்துக்கொள்ளுங்கள்.

குடியரசு தினத்துக்குத்தான் அறிவிக்க வேண்டும் என்பதும் இல்லை. 2024-ல் ஒரு பெயர் ஜனவரியிலும் மற்றவை பிப்ரவரியிலும் வந்தன. இடையில் இரண்டு முறை இந்த விருதுகளே நின்றுபோயிருக்கின்றன: 1977 ஜூலையில் ஜனதா ஆட்சி நிறுத்தி 1980 ஜனவரியில் திரும்ப வந்தது ஒன்று, 1992 முதல் 1995 வரை ஃப்ளெக்ஸ் கேள்வியில் சொன்ன அந்த வழக்கால் நின்றது மற்றொன்று.

நம்ம குன்னூர் மானெக்‌ஷாவுக்கு ஏன் குடுக்கலை?

வெலிங்டன் பக்கத்திலிருந்து வருகிற முன்னாள் ராணுவத்தார் எல்லோரும் கேட்பது இது. 1971 போரின் தளபதி, ஃபீல்டு மார்ஷல், ஓய்வுக்குப் பின் குன்னூரிலேயே வாழ்ந்து 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் கண்மூடியவர். ஊட்டியில் அடக்கம் செய்தார்கள். 1968-ல் பத்ம பூஷண், 1972-ல் பத்ம விபூஷண். பாரத ரத்னா இல்லை.

2024 வரை பெற்ற 53 பேரில், ராணுவப் பணியையே வாழ்க்கையாகக் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. விதி தடுக்கிறதா என்றால் இல்லை. பழைய விதியிலும் பொதுச்சேவை இருந்தது, 2011-க்குப் பிறகு எந்தத் துறையும் சேரும். மறைந்தவர்களுக்கும் தரலாம் என்று மேலே பார்த்தோம். ஆக, கதவு மூடியிருக்கவில்லை. ஏன் யாரும் அதைத் தள்ளித் திறக்கவில்லை என்பதற்கு விதிப் புத்தகத்தில் பதில் கிடையாது. என்னைக் கேட்டால், அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். இது கடைக்காரன் அபிப்பிராயம், பரீட்சையில் எழுதாதீர்கள்.

பரம்வீர் சக்ரா பெருசா, பாரத ரத்னா பெருசா?

பதக்கம் அணியும் வரிசையில் பாரத ரத்னா முதலில், அடுத்தது பரம்வீர் சக்ரா. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. பரம்வீர் சக்ரா எதிரியின் முன்னால் காட்டிய ஒரு வீரச் செயலுக்கு. பாரத ரத்னா வாழ்நாள் உழைப்புக்கு.

பிரதமர்தான் சிபாரிசுன்னா, பிரதமர் தனக்குத்தானே குடுத்துக்கலாமா?

குறும்பான கேள்வி, ஆனால் நியாயமானது. நேரு 1955-லும் இந்திரா காந்தி 1971-லும் பதவியில் இருக்கும்போதே பெற்றார்கள். நேரு விஷயத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், பிரதமரின் பரிந்துரை இல்லாமல் இதைத் தானாகவே செய்வதாக வெளிப்படையாகச் சொல்லிப் பொறுப்பை ஏற்றார். பதவியில் இருப்பவர் பெறக் கூடாது என்று விதி இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அறிவிச்சுட்டா திரும்ப வாங்க முடியாதுதானே?

முடியும். ரத்து செய்யக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் இருக்கிறது. செய்தால் பதக்கத்தையும் சான்றிதழையும் ஒப்படைக்க வேண்டும்.

அறிவித்தும் கொடுக்காமல் போன ஒரு கதை உண்டு. 1992-ல் சுபாஷ் சந்திர போஸுக்கு, மறைவுக்குப் பின் வழங்குவதாக அறிவித்தார்கள். 'மறைவுக்குப் பின்' என்ற அந்த ஒரு சொல்லில் தீப்பற்றியது. அவர் இறந்தார் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டார்கள். குடும்பத்தாரும் ஏற்கவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1997-ல் அந்த அறிவிப்பையே ரத்தானதாகக் கொள்ளச் சொல்லி முடித்தார்கள். அதனால் பட்டியலில் நேதாஜி பெயர் இல்லை. பழைய கைடுகளில் சிலவற்றில் இன்னும் இருக்கிறது, அடித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்காரங்க பேரை மட்டும் சொல்லுங்கண்ணா, நாளைக்கு டெஸ்ட்டு.

ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் (1954), காமராஜர் (1976), எம்ஜிஆர் (1988), அப்துல் கலாம் (1997), எம்.எஸ். சுப்புலட்சுமி, சி. சுப்பிரமணியம் (1998), எம்.எஸ். சுவாமிநாதன் (2024). முதல் வருஷத்து மூவரும் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்தவர்கள்: தொரப்பள்ளி, திருத்தணி, திருச்சி. எம்.எஸ். அம்மாதான் இந்த விருது பெற்ற முதல் இசைக் கலைஞர்.

இன்னொரு கொக்கிக் கேள்வியும் வரும். 1954-ல் பத்ம விபூஷண் ஒரே பெயரில் மூன்று வகுப்பாக இருந்தது. 1955 ஜனவரியில்தான் விபூஷண், பூஷண், ஸ்ரீ என்று மூன்று பெயராகப் பிரித்தார்கள்.

டெல்லியிலிருந்து போன் வந்துச்சு, தேசிய விருதாம், பதினஞ்சாயிரம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

கட்டாதீர்கள். எனக்கே ஒரு முறை வந்தது, 'சிறந்த தொழில்முனைவோர்' என்று. நாலு வருஷம் கடனில் ஓடுகிற ஜெராக்ஸ் கடைக்கு! பெயரில் பாரத், ராஷ்ட்ரிய, ரத்னா என்று எதையாவது செருகிக்கொண்டு, ஹோட்டல் ஹாலில் சால்வையும் கேடயமும் தருகிற தனியார் சங்கங்கள் இவை. அரசு விருதுக்கு எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. பத்ம விருதுக்குப் பெயர் முடிவானால், அறிவிப்புக்கு முன் தகவல் மட்டும் சொல்வார்கள். பணம் கேட்டால் அந்த நிமிஷமே போனை வைத்துவிடுங்கள்.

அப்போ நீங்க எவ்வளவு வாங்குவீங்க?

தட்டச்சு பக்கத்துக்கு 40 ரூபாய், ஸ்கேன் 5 ரூபாய். மருத்துவச்சிப் பாட்டிக்கு வாங்கவில்லை. பேரன் ஒரு பாட்டில் மலைத்தேன் வைத்துவிட்டுப் போனான். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த ரசீதை என் கடையிலேயே ஒரு காப்பி வைத்திருக்கிறேன்.